மூன்று புத்தகம் வாங்கி ‘இட்’டை மேசையில் வைப்பது

‘ஐ போட் த்ரீ புக்ஸ் அண்ட் கெப்ட் இட் ஒன் த டேபிள்.’ சனி, ஞாயிறுகளில் வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக்கு ஆங்கிலம் படிக்க வரும் பிள்ளைகளின் கொப்பிகளில் நான் அதிகம் சிவப்பு வட்டம் போடுவது இந்த மாதிரி வசனங்களுக்குத்தான். ஓ/எல் எடுக்கிற பிள்ளையும் இப்படி எழுதுகிறது, ஏ/எல் முடித்துவிட்டு ஐஈஎல்டிஎஸ் எழுதப் போகிறவரும் எழுதுகிறார், வாரநாட்களில் கோட்டையில் நான் வேலை செய்யும் அலுவலகத்தில் திருத்தச் சொல்லி என் மேசைக்கு வரும் கடிதங்களிலும் இதே ‘இட்’ இதே இடத்தில் நிற்கிறது. இத்தனை பேர் ஒரே பிழையை ஒரே மாதிரி விடுகிறார்கள் என்றால் அதைக் கவனக்குறைவு என்று சொல்ல முடியாது. அதற்கு ஒரு காரணம் இருக்க வேண்டும். அந்தக் காரணத்தைப் பிள்ளைக்குக் காட்டாமல் ‘புளூரல் நவுனுக்கு புளூரல் புரோனவுன்’ என்று கொப்பி நிறைய எழுதவைப்பதில் ஒரு பிரயோசனமும் இல்லை.

விதி என்று பார்த்தால் சின்னது. ஹீ, ஷீ, இட், தே மாதிரியான பிரதிப்பெயர் யாரை அல்லது எதைக் குறிக்கிறதோ, அந்தப் பெயரை ஆங்கில இலக்கணத்தில் அன்டிசீடன்ட் என்பார்கள். பெரும்பாலும் அது பிரதிப்பெயருக்கு முன்னாலேயே வந்துவிடும். ஒருமையா பன்மையா, ஆணா பெண்ணா அஃறிணையா, தன்மையா முன்னிலையா படர்க்கையா என்று எல்லாவற்றிலும் பிரதிப்பெயர் அந்தப் பெயரோடு ஒத்துப்போக வேண்டும். அவ்வளவுதான். இதைத் தமிழ்ப் பிள்ளைக்குப் புதிதாகச் சொல்லிக்கொடுக்க வேண்டிய அவசியமே இல்லை, ஏனென்றால் தமிழில் பிரதிப்பெயரோடு நிற்காமல் வினைமுற்றே திணையும் பாலும் எண்ணும் இடமும் காட்டும். வந்தான், வந்தாள், வந்தார், வந்தது என்று பேசப் பழகிய பிள்ளைக்கு இயைபு என்றால் என்ன என்று ஆங்கிலம் வந்துதான் சொல்ல வேண்டுமா? சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. தமிழும் ஆங்கிலமும் சில இடங்களில் பிரிந்து போகின்றன, பிழை முழுக்க அந்தச் சில இடங்களில்தான் விழுகிறது. அந்த இடங்களைக் காட்டிக்கொடுத்தால் போதும், மிச்சத்தைப் பிள்ளையே பார்த்துக்கொள்ளும்.

முதல் இடம் அந்த மூன்று புத்தகம்தான். நாங்கள் வீட்டில் எப்படிக் கதைக்கிறோம்? ‘மூண்டு புத்தகம் வாங்கினனான், அதை மேசையில வச்சிட்டன்.’ அவற்றை மேசையில் வைத்தேன் என்று வாயால் சொல்கிற ஒருவரை நான் இன்னும் காணவில்லை. ‘மூண்டு’ என்று எண்ணைச் சொன்ன பிறகு ‘புத்தகங்கள்’ என்று இழுக்கத் தேவையில்லை, ‘அதை’ என்றாலே மூன்றும் அடங்கிவிடும். இது பேச்சுத்தமிழ் கெட்டுப்போனதால் வந்ததும் இல்லை. ஆடு மேய்ந்தது என்றும் சொல்லலாம், ஆடு மேய்ந்தன என்றும் சொல்லலாம், ஆடு என்ற சொல் இரண்டுக்கும் பொது. ‘பால்பகா அஃறிணைப் பெயர்கள் பாற்பொதுமைய’ என்று நன்னூல் இதை ஒரே வரியில் முடித்துவிடுகிறது. ஆங்கிலத்தில் அந்தச் சலுகை ஷீப் (செம்மறியாடு), டியர் (மான்) மாதிரி விரல்விட்டு எண்ணக்கூடிய சொற்களுக்குத்தான், அவற்றுக்கும்கூடப் பிரதிப்பெயர் வரும்போது இட்டா தெம்மா என்று முடிவு சொல்லியே ஆக வேண்டும்.

ஒரு பொடியனின் கொப்பியில் இருந்ததைச் சொல்கிறேன். அம்மா புறக்கோட்டையில் மாம்பழம் வாங்கி வந்ததைப் பற்றி ஒரு பந்தி. ‘மை மதர் போட் மேங்கோஸ். இட் வோஸ் வெரி ஸ்வீட்.’ பிரதிப்பெயரிலிருந்து அது குறிக்கிற சொல்லுக்குப் பின்பக்கமாக ஓர் அம்புக்குறி போடச் சொல்வது என் வழக்கம். அவனும் ‘இட்’டிலிருந்து ‘மேங்கோஸ்’ வரைக்கும் வளைத்து ஒரு அம்பு போட்டான், போட்டுவிட்டு எல்லாம் சரி என்று என்னைப் பார்த்தான்.

“தம்பி, எது இனிப்பு?”

“மாம்பழம், மிஸ்.”

“மாம்பழமோ, மாம்பழங்களோ?”

“மாம்பழம்தான் மிஸ். வீட்டில மாம்பழங்கள் எண்டு ஆர் சொல்லுறது?”

அவன் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. கொப்பியில் அம்பு மேங்கோஸ் என்ற சொல்லைத் தொட்டாலும் அவனுடைய மனதுக்குள் அது போய் நின்றது மாம்பழம் என்ற தமிழ்ச் சொல்லில், அந்தச் சொல்லுக்கு அது என்றால் பிழையே இல்லை. “சரி, இப்ப அம்பு தொடுற சொல்லின்ர கடைசி எழுத்தைப் பார்” என்றேன். எஸ். உடனே அவனே வெட்டிவிட்டு ‘தே வேர்’ என்று எழுதினான், வோஸ் வேர் ஆனதையும் சேர்த்துத்தான். நான் இன்றைக்கும் எல்லாப் பிள்ளைக்கும் சொல்வது இதுதான்: அம்பு தாளில் இருக்கிற ஆங்கிலச் சொல்லில் போய் முட்ட வேண்டும், தலைக்குள் இருக்கிற தமிழ்ச் சொல்லில் முட்டக் கூடாது.

இதே அம்பு எதிர்ப்பக்கமும் உதவும். தளபாடங்கள், பயணப் பொதிகள், ஆலோசனைகள், தகவல்கள் என்று நாங்கள் பன்மையில் சொல்கிற பலதும் ஆங்கிலத்தில் எண்ணவே முடியாத ஒருமைப் பெயர்கள். பர்னிச்சர், லகேஜ், அட்வைஸ், இன்ஃபர்மேஷன் எல்லாவற்றுக்கும் இட்தான். ‘த பர்னிச்சர் கேம் யெஸ்டர்டே அண்ட் தே ஆர் அப்ஸ்டெயர்ஸ்’ என்று எழுதியவருக்குக் கண்ணுக்கு முன்னால் மேசையும் கதிரையும் அலுமாரியும் தெரிந்திருக்கின்றன, தாளில் இருக்கிற சொல்லின் முடிவில் எஸ் இல்லை என்பது தெரியவில்லை. நியூஸ் என்பதில் எஸ் இருந்தும் அது இட், ட்ரவுசர்ஸ், சிசர்ஸ் ஒன்றே ஒன்றாக இருந்தாலும் தெம். இவை கொஞ்சச் சொற்கள்தான், வாசிக்க வாசிக்க வந்துவிடும்.

ஹீ, ஷீ விஷயத்தில் தமிழ்ப் பிள்ளைகள் பெரும்பாலும் தடுமாறுவதில்லை. அவன், அவள் வித்தியாசம் எங்களுக்கு வினையோடேயே வருகிறது. கொழும்பில் சிங்களம் பேசுகிற நண்பர்கள் ஆங்கிலம் கதைக்கும்போது சில நேரம் அக்காவைப் பற்றிச் சொல்லிக்கொண்டு போகையில் ஹீ என்று வந்துவிடும், கேட்டிருப்பீர்கள். பேச்சுச் சிங்களத்தில் ‘எயா’ என்றால் ஆணும் ஆகும், பெண்ணும் ஆகும். அவர்களுக்கு அந்தப் பிரிவு புதிது, எங்களுக்குப் பழசு.

ஆனால் மரியாதைச் சொல்லுக்கு வந்தால் நாங்களும் கவனமாக இருக்க வேண்டும். யாழ்ப்பாணத்துப் பேச்சில் அவர் என்றால் ஆண், அவா என்றால் பெண், அவை அல்லது அவையள் என்றால் பலர். எழுத்தில் அப்படி இல்லை, அவர் என்று எழுதினால் இரண்டு பேருக்கும் பொது. பத்திரிகையில் ‘வைத்தியர் தெரிவித்தார். அவர் மேலும் கூறுகையில்’ என்று வந்தால் அந்த வைத்தியர் ஆணா பெண்ணா என்பது அந்த வரியில் இல்லை. அதை ஆங்கிலத்துக்கு மாற்றுகிறவர், வீட்டில் அவர் என்ற சொல்லை ஆணுக்கு மட்டும் கேட்டு வளர்ந்தவராக இருந்தால், கை தானாகவே ஹீ என்று எழுதிவிடும். நான் பார்த்த ஒரு சான்றிதழ் மொழிபெயர்ப்பில் பெண் வைத்தியர் ஒருவர் தொடக்கத்திலிருந்து முடிவு வரைக்கும் ஹீயாகவே இருந்தார், பெயரை வாசித்தாலே பெண் என்று தெரியும். இங்கே அம்பு மட்டும் போதாது, ஆள் யார் என்று ஒருமுறை கேட்டுத் தெரிந்துகொள்ளத்தான் வேண்டும்.

அடுத்தது ஈச், எவ்ரி. சோதனைக்குப் படிக்கிற பிள்ளைகள் அதிகம் பயப்படுகிற இடம் இது. ஈச், எவ்ரி, எவ்ரிவன், சம்வன், நோபடி, ஐதர், நைதர் என்று ஒரு பட்டியலைப் பாடமாக்கிக்கொண்டு வருவார்கள். ஒப்புவிக்கச் சொன்னால் ஒரு சொல் தப்பாமல் சொல்லுவார்கள், வசனம் எழுதச் சொன்னால் பிழைக்கும். காரணம் இலகு. ‘ஈச் ஒஃப் த கேர்ள்ஸ்’ என்று வரும்போது பிரதிப்பெயருக்குப் பக்கத்தில் நிற்கிற சொல் கேர்ள்ஸ், அம்பு அதிலேயே நின்றுவிடுகிறது. அது இன்னும் கொஞ்சம் பின்னால் போய் ஈச்சைத் தொட வேண்டும். ‘ஈச் ஒஃப் த கேர்ள்ஸ் ஹேஸ் ஹெர் ஓன் டெஸ்க்.’ நான் பிள்ளைகளிடம் ‘ஒஃப்’பில் தொடங்கும் துண்டைப் பென்சிலால் மெல்லக் கோடு போட்டு மறைக்கச் சொல்வேன். மறைத்தால் ஈச் தனியாகத் தெரியும். ‘வன் ஒஃப் மை ஃப்ரெண்ட்ஸ் லொஸ்ட் ஹெர் ஃபோன்’ என்பதிலும் அதேதான், தொலைத்தது ஒரு ஆள்.

சரி, கூட்டத்தில் ஆணும் பெண்ணும் கலந்திருந்தால்? ‘எவ்ரி ஸ்டூடன்ட் மஸ்ட் பிரிங்’ என்று தொடங்கி, ஹிஸ் புக்கா, ஹெர் புக்கா, ஹிஸ் ஓர் ஹெர் புக்கா, தெயர் புக்கா? இந்தக் கேள்வியில்தான் ஆங்கில உலகம் காலங்காலமாக அடிபட்டுக்கொண்டு கிடக்கிறது. நான் கொஞ்சம் நின்று இதைச் சொல்லப் போகிறேன், ஏனென்றால் ‘தெயர் போட்டால் பிழை, ஹிஸ் தான் சரியான பழைய இலக்கணம்’ என்று எங்கள் டியூஷன் வகுப்புகளில் இன்னமும் உறுதியாகச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள்.

பழசு என்று பார்த்தால் தே தான் பழசு. ஒருவரைக் குறிக்கத் தே என்று எழுதும் வழக்கம் ஆங்கிலத்தில் 14ஆம் நூற்றாண்டிலிருந்தே இருக்கிறது. ஷேக்ஸ்பியர் எழுதியிருக்கிறார், ஜேன் ஒஸ்டின் தாராளமாக எழுதியிருக்கிறார். ‘இருபாலாருக்கும் ஹீ என்றே எழுது’ என்ற கட்டளை 18ஆம் நூற்றாண்டு இலக்கணப் புத்தகங்களில் உருவாகிப் பிறகு பள்ளிக்கூடங்களுக்குள் வந்தது. 1850இல் பிரித்தானியப் பாராளுமன்றம், சட்டங்களில் ஆண்பாலில் வரும் சொற்கள் பெண்களையும் உள்ளடக்கும் என்று ஒரு சட்டமே நிறைவேற்றியது. சட்டத்தை எழுத அது வசதியாக இருந்திருக்கலாம். ஒரு பெண் பிள்ளை தன் வகுப்பு அறிவித்தலை வாசிக்கும்போது ஹிஸ் என்ற சொல்லில் தானும் இருக்கிறேன் என்று நினைக்க வேண்டும் என்பது எனக்கு ஒருநாளும் ஒப்புக்கொள்ள முடியாத எதிர்பார்ப்பு. பிரித்தானிய அரசே 2007இல், புதிய சட்டமூலங்களை இனிமேல் ஆண்பால் சொற்களை மட்டும் வைத்து எழுதுவதில்லை என்று முடிவெடுத்தது. அமெரிக்கப் பத்திரிகைகள் பல பின்பற்றும் ஏபி எழுத்துநடைக் கையேடு 2017இல் ஒருமைத் ‘தே’வுக்குக் கதவைக் கொஞ்சம் திறந்தது. 2019இல் வந்த, அமெரிக்க உளவியல் சங்கத்தின் ஏபிஏ எழுத்துநடைக் கையேட்டின் 7ஆம் பதிப்பு, ஆய்வுக் கட்டுரைகளிலேயே அதை எழுதச் சொன்னது. அதே ஆண்டு மெரியம் வெப்ஸ்டர் அகராதி தே என்பதையே ஆண்டின் சொல்லாகத் தேர்ந்தெடுத்தது. ஆண், பெண் என்ற இரண்டுக்குள் தம்மைச் சேர்த்துக்கொள்ளாத ஒருவரைக் குறிக்கத் தே வரும் என்ற பொருளையும் அந்த அகராதி அப்போதே ஏற்றுக்கொண்டது. அப்படி ஒருவர் தமக்குத் தே என்றுதான் சொல்ல வேண்டும் என்று கேட்டால், அதைச் சொல்லிவிட வேண்டியதுதான், அதில் இலக்கணத்துக்கு ஒரு குறையும் வராது.

எங்கள் பிள்ளைகளுக்கு இதை விளங்கவைக்க நான் ஆங்கில வரலாற்றைக்கூட எடுப்பதில்லை, நன்னூலைத்தான் எடுப்பேன். ‘ஒருவர் என்பது உயர் இருபாற்றாய்ப் பன்மை வினை கொளும் பாங்கிற்று என்ப.’ ஒருவர் என்ற சொல் உயர்திணையில் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது, அது பன்மை வினையைக் கொள்ளும். பவணந்தி முனிவர் ‘என்ப’ என்று முடிக்கிறார், அதாவது தனக்கு முன்னிருந்தவர்கள் அப்படிச் சொல்லியிருக்கிறார்கள் என்று. உண்மைதான், ‘ஒருவர் என்னும் பெயர்நிலைக் கிளவி இருபாற்கும் உரித்தே’ என்று தொல்காப்பியத்திலேயே இருக்கிறது. ஒருவர் தமது குடையை மறந்துவிட்டுப் போய்விட்டார். போய்விட்டார் என்பதில் இருக்கிற ‘ஆர்’ பலர்பால் விகுதி, போன ஆள் ஒரே ஒரு ஆள். இதைக் கேட்டு ‘ஒரு ஆளுக்கு ஏன் பன்மை?’ என்று யாராவது கை தூக்குகிறோமா? ‘சம்வன் லெஃப்ட் தெயர் அம்ப்ரெல்லா’ அச்சொட்டாக இதே வேலையைத்தான் செய்கிறது. ஆள் ஒருவர் என்று தெரியும், ஆணா பெண்ணா என்று தெரியாது, அல்லது சொல்லத் தேவையில்லை.

ஒருமுறை இதைக் கரும்பலகையில் பக்கம் பக்கமாக எழுதிக் காட்டினேன், தமிழ் ஒருபக்கம், ஆங்கிலம் ஒருபக்கம். பின்வரிசையில் இருந்த ஒரு பெண் பிள்ளை, “அப்ப மிஸ், யூ ஆர் எண்டுறதும் இப்பிடியோ?” என்று கேட்டாள். என்ன அருமையான கேள்வி! ஆம், அப்படியேதான். யூ என்பது முதலில் பலரைப் பார்த்துச் சொல்கிற சொல், ஒருவரைப் பார்த்துச் சொல்ல தௌ என்று தனியாக ஒன்று இருந்தது. மரியாதைக்காக ஒருவரையே யூ என்று அழைக்கத் தொடங்கி, காலப்போக்கில் தௌ வழக்கிலிருந்து விழுந்துவிட்டது. அதனால்தான் இன்றைக்கும் ஒரே ஆளைப் பார்த்து யூ ஆர் என்கிறோம். நீங்கள் என்று ஒரு ஆளைச் சொல்லிப் பழகிய எங்களுக்கு இதில் வியப்பதற்கு என்ன இருக்கிறது. ‘தே’யும் அதே மாதிரித்தான், ஆள் ஒருவரானாலும் வினை தே ஆர், தே ஹேவ் என்றே வரும், தே இஸ் என்று வராது.

அப்புறம் நடைமுறை. என்னிடம் கேட்கிற பெற்றோருக்கு நான் சொல்வது, சோதனையில் இந்தச் சண்டைக்குள் பிள்ளை மாட்டத் தேவையில்லை. விடைத்தாள் திருத்துகிறவர் எந்தப் பக்கம் என்று யாருக்குத் தெரியும்? முழுவசனத்தையும் பன்மையாக்கிவிட்டால் பிரச்சினையே எழாது: ‘ஓல் ஸ்டூடன்ட்ஸ் மஸ்ட் பிரிங் தெயர் புக்ஸ்.’ அல்லது பிரதிப்பெயரே இல்லாமல் எழுதலாம், ‘எவ்ரி அப்ளிக்கன்ட் மஸ்ட் சப்மிட் எ ஃபோட்டோ’ என்றால் யாருடைய படம் என்று எவரும் கேட்கப் போவதில்லை. ஹிஸ் ஓர் ஹெர் ஒரு வசனத்தில் ஒருதடவை வந்தால் பரவாயில்லை, ஒரு பந்தியில் நாலைந்து தடவை வந்தால் வாசிக்கிறவருக்கு மூச்சு வாங்கும். அலுவலகக் கடிதத்தில் நான் தயங்காமல் தெயர் போடுவேன். யாராவது கேட்டால் காரணம் சொல்லத் தயாராக இருப்பேன்.

இன்னொன்று, ஒரு வசனத்துக்குள் ஆளை மாற்றாதீர்கள். ‘இஃப் எ பெர்சன் வோன்ட்ஸ் டு லேர்ன் இங்கிலிஷ், யூ மஸ்ட் ரீட் டெய்லி’ என்று தொடங்கிய ஆளை விட்டுவிட்டு எதிரே இருக்கிறவரைப் பிடித்துக்கொள்வது எங்கள் பேச்சிலும் உண்டு. பேச்சில் சரி, கட்டுரையில் மதிப்பெண் போகும்.

டீம், கமிட்டி, ஃபமிலி மாதிரியான கூட்டுப்பெயர்களில் பிரித்தானிய ஆங்கிலம் இரண்டையும் ஏற்கும். 1996இல் லாகூரில் அவுஸ்திரேலியாவை வென்று உலகக் கிண்ணம் எடுத்த அணியைப் பற்றி எழுதும்போது, ‘ஸ்ரீ லங்கா ஹேவ் வொன் தெயர் ஃபேர்ஸ்ட் வேர்ல்ட் கப்’ என்றும் வரலாம், ‘ஹேஸ் வொன் இட்ஸ் ஃபேர்ஸ்ட்’ என்றும் வரலாம். அமெரிக்கர்கள் இரண்டாவதைத்தான் விரும்புவார்கள். எதை எடுத்தாலும் கடைசிவரை அதையே பிடித்துக்கொள்ள வேண்டும், ஹேஸ் என்று தொடங்கி தெயர் என்று முடிப்பதுதான் கண்ணை உறுத்தும்.

கப்பலுக்கு ஷீயா என்றும் கேட்பார்கள், காலிமுகத்திடலில் நின்று துறைமுகத்துக்கு வரும் கப்பல்களைப் பார்த்து வளர்கிற பிள்ளைகள் அல்லவா. முன்பு ஷீ என்று எழுதுவது வழக்கம், 2002இல் லொய்ட்ஸ் லிஸ்ட் என்ற கப்பல்துறைப் பத்திரிகையே இனி இட் என்று எழுதப்போவதாக அறிவித்துவிட்டது. நீங்களும் இட் என்றே எழுதுங்கள்.

நைதர், நோர் வந்தால் பிரதிப்பெயருக்குக் கிட்ட இருக்கிற பெயரைப் பார்க்க வேண்டும். ‘நைதர் த டீச்சர் நோர் த ஸ்டூடன்ட்ஸ் ஃபொர்கொட் தெயர் புக்ஸ்.’ பன்மைப் பெயரை இரண்டாவதாக வைத்துவிட்டால் வசனமும் காதுக்கு நன்றாக இருக்கும், வேறொன்றும் நினைவில் வைக்க வேண்டாம்.

நான் கடைசிக்கு வைத்திருந்தது எனக்கு மிகவும் பிடித்த இடம். எண்ணும் பாலும் எல்லாம் பொருந்தியிருந்தும் வசனம் விளங்காமல் போகிற சந்தர்ப்பம் ஒன்று இருக்கிறது. ‘கண்ணன் டோல்ட் ரவி தட் ஹீ ஹேட் ஃபெயில்ட்.’ பெயிலானது யார்? ஹீ ஒருமை, ஆண்பால், படர்க்கை, இரண்டு பேருக்கும் பொருந்துகிறது. அம்பு இரண்டு பக்கமும் போகும். ஆங்கிலத்தில் இந்த வசனத்தை எத்தனை தரம் திருப்பித் திருப்பி வாசித்தாலும் விடை கிடைக்காது. தமிழில் பாருங்கள்: ‘கண்ணன், தான் பெயிலாகிவிட்டதாக ரவியிடம் சொன்னான்.’ பெயிலானது கண்ணன், சந்தேகமே இல்லை. ‘கண்ணன், அவன் பெயிலாகிவிட்டதாக ரவியிடம் சொன்னான்’ என்றால் பெயிலானது ரவி, அல்லது வேறு ஒருவன். சொல்கிற ஆளையே திரும்பிக் காட்டுவதற்கென்று தான், தாம், தாங்கள் என்று ஒரு வரிசையே எங்களிடம் இருக்கிறது, அது ஒரு வசனத்துக்குள் உள்ள இன்னொரு வசனத்திலிருந்தும் வெளியே எட்டிப் பிடிக்கும். ஆங்கிலத்தின் ஹிம்செல்ஃப் அவ்வளவு தூரம் எட்டாது. (தமிழில் எழுதும்போது இடைவெளியைக் கவனியுங்கள், ‘ரவியிடம்தான்’ என்று ஒட்டி எழுதினால் அது வேறு தான், அழுத்தத்துக்கு வருவது.)

இந்த வசதி எங்களுக்குள் ஊறியிருப்பதால்தான் ஆங்கிலத்தில் எழுதும்போது ஆபத்து. எழுதுகிறவரின் தலைக்குள் தான் என்று தெளிவாக ஓடுகிறது, கை ஹீ என்று எழுதுகிறது, அவருக்கு வசனம் தெளிவாகவே தெரியும். வாசிக்கிறவருக்கு அந்தத் தான் கிடைப்பதில்லை. பள்ளிக்கூடக் கட்டுரையில் இது ஒரு மதிப்பெண் விஷயம், வேலையிடத்தில் அப்படி இல்லை. ‘த கஸ்டமர் இன்ஃபோர்ம்ட் த ஒஃபிசர் தட் ஹீ ஹேட் நொட் சைன்ட் த ஃபோர்ம்’ என்று ஒரு கடிதம் போனால், கையொப்பம் வைக்காதது வாடிக்கையாளரா அதிகாரியா? பின்னால் ஒரு விசாரணை வந்தால் அந்த ஒரு ஹீயைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் எதிரெதிர்ப் பக்கம் இழுக்கலாம்.

திருத்த மூன்று வழி இருக்கிறது. பெயரையே திரும்ப எழுதுங்கள், ‘தட் த ஒஃபிசர் ஹேட் நொட் சைன்ட்’ என்று, இரண்டுதடவை ஒரே சொல் வருகிறதே என்று கூச்சப்படாமல். சொன்னதை அப்படியே மேற்கோளுக்குள் போட்டால் ஐ, யூ வந்து ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். இல்லாவிட்டால் வசனத்தைக் கழற்றி மாட்டுங்கள். எங்கள் அலுவலகத்தில் அந்தமாதிரி வசனம் வந்தால் நான் எழுதியவரிடம் தமிழில் ஒருதடவை சொல்லச் சொல்வேன், அவர் வாயிலிருந்து தான் வருகிறதா அவர் வருகிறதா என்று கேட்டுக்கொண்டு அதன்படி பெயரைப் போட்டுவிடுவேன். மேலே இருக்கிற கடித வசனம் கடைசியில் இப்படி ஆகும்: ‘த கஸ்டமர் அட்மிட்டட் டு த ஒஃபிசர் தட் த ஃபோர்ம் ஹேட் நொட் பீன் சைன்ட் பை த கஸ்டமர்.’ கொஞ்சம் முரடாக இருக்கும், கஸ்டமர் இரண்டுதடவை வரும், ஆனால் கையொப்பம் வைக்காதது யார் என்று அதை வாசித்து ஒருவரும் என்னிடம் திரும்பக் கேட்டதில்லை.